நானூற்று இருபத்தெட்டு

மருதானையில் மூன்றாம் மாடி.
மன்னார்க் கடலுக்கடியில் தோண்டிய கிணறொன்று
எங்கள் மேசையில் நூற்றுப் பதினாறு துணிப்பைகளாக நிற்கிறது.
பத்து மீற்றருக்கு ஒரு பை.
கழுத்தில் கயிறு, கயிற்றில் அட்டை,
அட்டையில் யாரோ ஒரு நோர்வேக்காரனின் சாய்ந்த ஏழு.

கழுவினேன், காயவைத்தேன்.
அரிசியில் கல் பொறுக்கிய விரலுக்கு
கல்லில் கல் பொறுக்கப் பழக ஒரு மாதம் சென்றது.
சிவப்பு, மேலே எங்கோ உதிர்ந்து கூட வந்தது. வேண்டாம்.
சாம்பல் வேண்டாம்.
கறுப்புக் களிப்பாறை மட்டும்.

இரண்டாயிரத்து எண்ணூறாவது மீற்றரில்
கரிமம் ஒன்பது வீதம்!
மிஃப்ராஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டான்.
துலாஞ்சலி அமைச்சுக்குப் போன் எடுக்கப் போனாள்.
பொறுங்கள் என்று நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.
பழுப்பாய், வளைந்து, நரம்போடிய ஒரு துண்டு:
வால்நட் ஓடு.
துளைசேறு வெடிப்புகளில் ஒழுகிப் போகாதிருக்க
மூட்டை மூட்டையாய்க் கொட்டியிருக்கிறார்கள்.
பத்துக் கோடி ஆண்டென்று நாங்கள் வாய்பிளந்தது
போன வருடத்துக் கொட்டைக்கு.

சன்னலுக்குக் கீழே பெற்றோல் வரிசை, ரயில் பாலம் வரை.
மூன்றாவது இரவு.
ஓட்டோக்களின் பின்னிருக்கைகளிலிருந்து
வெளியே நீட்டியபடி உறங்கும் கால்கள்.
கிங்ஸ்லி அண்ணன் எஞ்சினைத் தட்டுவதில்லை,
கையால் தள்ளுகிறார், ஒரு தடவைக்கு ஒரு வண்டி நீளம்.
தேத்தண்ணிக் கடையில் என் வேலை
எப்படியோ தெரிந்துவிட்டது.
"மிஸ், எண்ணெய் இருக்காமே?"

எழுபது மில்லிகிராம், ஒரு சிட்டிகை திருநீற்றிலும் குறைவு.
முந்நூறு பாகையில் மூன்று நிமிடம்:
ஏற்கெனவே பிரிந்திருந்தது முதலில் கிளம்பிவிடும்.
பிறகு நிமிடத்துக்கு இருபத்தைந்தாக ஏற்ற ஏற்ற
பாறை தன் மிச்சத்தைக் கக்கும்,
திரையில் ஒரு குன்று எழும்.
உச்சி எத்தனை பாகையில்?
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்று நானூற்றுப் பத்தில் கரண்ட் போயிற்று,
பாதிக் குன்றோடு.
சூடு கண்டதை
மறுபடி புதிதாய்ச் சூடாக்க வழியில்லை.
மூவாயிரத்து நூற்று இருபதாவது மீற்றரின் பையை
உள்வெளியாய்ப் புரட்டினேன்.
தையலில் சிக்கியிருந்தன பதினெட்டுத் துகள்கள்.
இரவு பத்தேகாலுக்கு வெளிச்சம் வந்ததும்
அவற்றை அரைத்தேன்.
நானூற்று இருபத்தெட்டு.

இன்னொரு பிடியை மெருகேற்றி ஒளி பாய்ச்சினேன்.
விட்ரினைட்: ஏதோ ஒரு பழைய மரம், இப்போது கரி.
விழுந்த ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறதோ
அவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது.
ஆறினாலும் அந்த மினுக்கம் இறங்காது.
வெள்ளவத்தையில் எங்கள் வாசற்கதவின் மேற்சட்டம்
எண்பத்து மூன்றிலிருந்து அப்படித்தான்.
பெயின்ற் அடிக்க வருகிறவரிடம் அப்பா
அதை மட்டும் விட்டுவிடச் சொல்வார்.

புள்ளி நான்கு ஐந்து.
ஓரிடத்தில் மட்டும் எகிறியது, ஒன்று புள்ளி இரண்டு:
இடையில் புகுந்த எரிமலைக் குழம்பு
பக்கத்தில் இருந்ததைச் சுட்டிருக்கிறது.
அதைப் பக்குவம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அமைச்சு ஒரே சொல்லில் கேட்கிறது, மூன்று மொழியில்.
சிங்களமும் ஆங்கிலமும் துலாஞ்சலி எழுதிவிட்டாள்.
தமிழ்க் கட்டத்தை யாரும் வாசிப்பதில்லை,
அதனால் அங்கே நிதானமாய் இருக்கலாம்.
முதிராதது என்று எழுதினேன். பிஞ்சு என்றால் கனியுமே.
பக்குவமற்றது, ஒரு பெண்பிள்ளையைத் திட்டுவதுபோல்.
கடைசியில்:
இன்னும் வேகவில்லை.

கீழே இறங்கினேன்.
"இருக்கண்ணை, ஆனா வேகேல்ல."
"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
"மேல இன்னும் ஒரு கிலோமீற்றர் சேறு படியோணும்.
வெந்தாலும் எண்ணெய் குறைவு.
மரக்கழிவு, அனேகமா காஸ்தான் வரும்."

வரிசை அசைந்தது.
அவர் தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளினார்.
"காஸ் எண்டாலும் சரி, மிஸ்,
வீட்டில சிலிண்டரும் காலி."